உங்கள் தங்கைக்குப் போன் வாங்கிய விவரம்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதுவும் படி ஏறும்போது மட்டும்தான். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மகளின் போனில் கூப்பிட்டு, “என் தங்கச்சிக்கு ஒரு போன் வாங்கிக் குடுக்க முடியலையா மாப்பிள்ளை உங்களால?” என்று கேட்டீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, பாதியில் வைத்துவிட முடியாது.

உங்கள் தங்கை வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்ததும் புண்ணைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் வேலை பார்க்கிற நிறுவனத்தின் சட்டம். அவளுடைய போன் ஆறு வருடப் பழசு. அதன் கேமராவில் எதை எடுத்தாலும் பனி மூடின மாதிரிதான் விழும், ஆறின புண்ணும் ஆறாத புண்ணும் அதற்கு ஒன்றே. பதினோரு மாதத்துக்கு முன்னால் “ஏங்க, ஒரு போன் வேணும்” என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை, அன்றே கடைக்குப் போனேன். என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார்கள். நான் முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் மச்சான், மேலே போனது எதுவும் கீழே வராமல் நான் பார்த்ததில்லை. விலை இறங்கட்டும் என்று வந்துவிட்டேன்.

இரண்டாம் மாதம் போனேன், ஏறியிருந்தது. சரி, ஏறினால்தானே இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் மாதம் விலை அப்படியே நின்றது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், பெட்டியைத் திறந்து பார்த்தால் சார்ஜர் இல்லை. ஏழாம் மாதம் அந்த மாடலே இல்லை என்றார்கள். அதற்குப் பதிலாக வந்தது விலை அதிகம், மெமரி குறைவு, நிறம் மட்டும் நன்றாக இருந்தது. இது என்ன நியாயம் என்று கடைப்பெண்ணிடம் கேட்டேன். பொறுமையான பெண். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னாள். “அங்கிள், போனுக்குள்ள மெமரி சிப்புன்னு ஒண்ணு இருக்கு. இப்ப எதைக் கேட்டாலும் பதில் சொல்ற ஏஐ வந்திருக்கில்ல, அதுக்காகப் பெரிய பெரிய கட்டடமா கட்டி உள்ள மெஷினா அடுக்குறாங்க. சிப் செய்யறவங்க நல்ல விலை குடுக்கற அவங்களுக்கே அள்ளிக் குடுத்துடறாங்க. மிச்சத்துக்குத்தான் போன் கம்பெனிங்க அடிச்சுக்குது. சின்ன விலை போன்ல லாபம் நிக்கலைன்னு அந்த மாடலையே நிறுத்திட்டாங்க.” எப்போதம்மா குறையும் என்றேன். “இன்னைக்கு விலைதான் அங்கிள் குறைஞ்ச விலை” என்றாள். இதே பதிலை ஒன்பதாம் மாதமும் சொன்னாள், அப்போதும் அது உண்மையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் என் மகள், அதான் உங்கள் மருமகள், அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று அந்த ஏஐயிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? நம் வீட்டிலிருந்தாவது தேவை குறையட்டும் என்று, இனிமேல் முட்டையை முட்டையிடமே கேட்டுக்கொள் என்று உத்தரவு போட்டேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி, போன் விலை ஏன் ஏறுகிறது என்று அதனிடமே கேட்கச் சொன்னேன். நாலு பத்தி மரியாதையாகப் பதில் சொன்னது. தன்னைப் போன்றவையும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டது. பழைய போன் விற்கிற கடைக்கும் போனேன். கடைக்காரர் காலி அலமாரியைக் காட்டி, “புதுசு வாங்கினாத்தானே சார் பழசு எங்கிட்ட வரும்? எல்லாரும் உங்களை மாதிரியே காத்துக்கிட்டிருக்காங்க” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை அவள் வண்டி கிளம்பவில்லை. என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பெரியவர், சர்க்கரை வியாதி, பாதத்தில் புண். நான் வாசலோடு நின்றுகொண்டேன். உங்கள் தங்கை கட்டைப் பிரித்தாள், கழுவினாள், போனைப் பிடித்துப் பார்த்தாள், உள்ளே வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்து, புண்ணை அப்படியே வரைந்தாள். ஓரத்துக்குச் சிவப்புப் பென்சில், நடுவில் மஞ்சள். பெரியவர் எட்டிப் பார்த்து, “போன தடவையைவிட நல்லா வந்திருக்கும்மா” என்றார். புண்ணைச் சொன்னாரா படத்தைச் சொன்னாரா தெரியவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்த அம்மாள் யாருடனோ பேசி முடிக்கிறவரை வெயிலில் இருபது நிமிடம் நின்று, அவர்கள் போனை வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு நாளைக்கு ஏழு வீடு மச்சான்.

“இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. பதினோரு மாசமா போன் வேணும்னுதான சொல்றேன்? அதுக்குள்ள இதெல்லாம் இருக்குன்னு உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து சொந்தப் போனில் எடுத்த படம் இல்லை என்றால் வேலை இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டதையும் அப்போதுதான் சொன்னாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை அப்படியே கடைக்குத் திருப்பினேன். முதல் நாள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொடுத்தேன். கடைப்பெண் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொண்டே, “என்ன அங்கிள், விலை இறங்கிடுச்சா?” என்றாள். “இல்லம்மா, நான் இறங்கிட்டேன்” என்றேன். அவள் காசு வாங்காமல் ஒரு உறை போட்டுக் கொடுத்தாள்.

பெட்டியைக் கையில் கொடுத்தபோது உங்கள் தங்கை சிரித்துவிட்டாள். விலையைப் பார்த்ததாலா, என்னைப் பார்த்ததாலா என்று நான் கேட்கவில்லை. ஆகவே, போன் வாங்கிக் கொடுக்கவில்லை என்ற பேச்சுக்கு இனிமேல் இடமில்லை. அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். எல்லாரும் குறைவில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்ட பிறகு இதை எழுத வேண்டியதாயிற்று. உங்கள் தங்கை புதுப் போனைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். “மருந்துத் தண்ணி தெறிக்கற இடத்துக்கு இவ்வளவு விலைப் பொருளை யாராவது கொண்டு போவாங்களா?” என்கிறாள். போன் வாங்கியாயிற்று என்று பெட்டியைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி இரண்டு மாதம் அவகாசம் வாங்கியிருக்கிறாள். தினப்படிக்கு விலை குறைந்த போன் ஒன்று வேண்டுமாம். அவசரம் ஒன்றுமில்லையாம், விலை இறங்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.