பெரட்டு அண்ணன் கிளப்பிய ஈவெண்ட்

ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலையே அடக்கக்கூடிய தொண்டை உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது பெரட்டு அண்ணனுடையது. பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் இடம். அங்கே இருக்கவேண்டிய தொண்டை, இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் என்னோடு உட்கார்ந்து வெப்சைட் செய்துகொண்டிருந்தது.

மௌஸ் கிளிக், பக்கம் திறப்பது என்று பிரவுசருக்குத் தெரிந்த ஈவெண்ட்கள், அதாவது 'இது நடந்தாச்சு' என்ற அறிவிப்புகள், அவருக்குப் போதாது. தானே பெயர் வைத்துப் புதிதாக உண்டாக்குவார். ஆபீஸிலும் அதே கூத்துதான். "பனி இறங்கிருச்சு!" என்று கத்துவார். உடனே நான் ஜன்னலைச் சாத்த வேண்டும். கீழே பேக்கரிக்காரர் பாலில்லாத பிளேன்டீ இரண்டு அனுப்புவார்.

"ஏண்ணே, பேரச் சொல்லியே கூப்பிடலாமே?"

"கூப்பிடுறவனுக்கு யாரு வருவாங்கன்னு தெரிய வேணாம் தங்கச்சி. ஈவெண்ட்ட மட்டும் சொல்லு. காது குடுக்கிறவங்க அவங்கவங்க வேலையப் பாப்பாங்க."

நுவரெலியாவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய ஓர் அம்மாவுக்கு ஒரு பக்கம் செய்தோம். அது அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆபீஸை மூடிவிட்டு இருவரும் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போகவேண்டியதுதான். அண்ணன் அதற்கு 'ஆள் வந்தாச்சு' என்று ஓர் ஈவெண்ட் உண்டாக்கியிருந்தார். பக்கம் திறந்ததும் அது கிளம்பும். அன்றைக்கு வரும் விருந்தாளிக்கேற்ப அறை, சாப்பாடு, வெந்நீர்ப் பட்டியல்கள் மூன்றும் தாமாகவே மாறும்.

அதைப் பார்க்க அம்மா ஆபீஸுக்கு வந்தார். பக்கம் திறந்தது. ஒன்றும் அசையவில்லை. பிழை என்றுகூட ஒரு வரி வரவில்லை. அண்ணன் ஏழெட்டுத் தடவை திறந்து பார்த்தார். கடைசியில் கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஆள் வந்தாச்சு!" என்று கத்தியே விட்டார். கீழே பேக்கரியில் பாண் ரொட்டி அடுக்கிய தட்டு ஒன்று விழுந்தது.

அம்மா மட்டும் அசரவில்லை. "தம்பி, கூப்பிடுறீங்க, சரி. அந்த நேரம் கேக்க யாராச்சும் வந்திருந்தாங்களா? எங்க சமையக்காரன் வர்றதுக்கு முன்னாடியே நான் மணியடிச்சா, பொறகு வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தோட்டத்தில் முதலில் சங்கு ஊதும், அப்புறம்தான் ஆட்கள் வருவார்கள். அதே பழக்கத்தில் ஈவெண்ட்டைக் கிளப்பும் வரியை உச்சியில் வைத்து, அதைக் கேட்கவேண்டிய மூன்று பட்டியல்களுக்கான வரிகளையும் கீழே எழுதியிருந்தார். பிரவுசரில் கூப்பிட்ட பிறகு வருகிறவனுக்கு எதுவும் கேட்காது. அந்த வரியைக் கடைசிக்கு இறக்கினார். மூன்று பட்டியலும் ஒரே நொடியில் மாறின.

"நல்லாருக்கு தம்பி. உடப்புசல்லாவையில என் தங்கச்சியும் ஒண்ணு நடத்துது. அதுக்கும் செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கினார்.

அண்ணன் மேசைக்கடியிலிருந்து ஒரு பெயர்ப்பலகையை இழுத்தார். ஆபீஸ் பெயர் எழுதி, எத்தனை மாதமாக ஒளித்து வைத்திருந்தாரோ தெரியாது.

"இப்ப மாட்டலாந்தானே, தங்கச்சி?"

ஆணி கோணலாகத்தான் இறங்கியது. நான் சொல்லவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற மனிதரை எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடிக்கும்.