சுருளிப்பட்டி ஃபில்டர்

மிக்ஸி மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்த சுந்தர்ராஜ், பின்னால் மனைவி ஜெபராணி தேங்காய்ச் சில்லோடு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"சட்னி அரைக்கணும்," என்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பொடி தொட்டுக்குவோமே."

சுந்தர்ராஜ் ஓய்வுபெற்ற மின் பொறியாளர். சொந்தமாக ரேடியோ செய்து, அதில் உலகத்தின் மறுகோடியிலுள்ள முகம் தெரியாத ஆளோடு பேசுவதென்றால் அவருக்கு உயிர். பரீட்சை எழுதி அதற்கு லைசென்சும் வாங்கியிருந்தார். தேனி பஜாரின் இன்வெர்ட்டர்களும் டியூப்லைட்டுகளும் கிளப்பிய இரைச்சலில் ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சுருளிப்பட்டியின் கடைசி வீட்டுக்குக் குடிவந்தார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, பக்கத்து வாழைத் தோட்டத்தைச் சுற்றி அதன் சொந்தக்காரர் சுருளியாண்டி சோலார் வேலி போட்டிருப்பது. நொடிக்கொரு தரம் வேலியில் ஓடிய மின்சாரம் ரேடியோவில் 'டிக்' என்று விழுந்தது. ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் பன்றி உள்ளே புகுந்து தோட்டத்தையே உழுதுவிடும் என்றார் சுருளியாண்டி.

மாசக் கடைசிக்குள் 'டிக்' நிற்காவிட்டால் தேனிக்கே திரும்பிவிட வேண்டும் என்று ஜெபராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அந்தச் சத்தத்தை மட்டும் தடுத்து நிறுத்த ஒரு ஃபில்டர் செய்ய உட்கார்ந்தார்.

முதல் ஃபில்டரில் 'டிக்' போய் 'டொக்' வந்தது. இரண்டாவதில் அதுவும் போய் 'டமார்' வந்தது, டிவி படம் நின்றது. மூன்றாவதுதான் மிக்ஸிக் கம்பியில் சுற்றியது. ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு அதை மாட்டிவிட்டுக் கையை எடுத்தார். 'டிக்' நின்றுவிட்டது.

அப்படியொரு அமைதியை அவர் அதுவரை கேட்டதில்லை. இருட்ட இருட்ட நட்சத்திரம் தெரிவதுபோல அதற்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. ஜப்பானிலிருந்து ஒருவர். நியூசிலாந்திலிருந்து ஒரு பெண். ஜெபராணியும் கரண்டியோடு வந்து நின்றவள், அடுப்பில் ரசம் பொங்கியதைக்கூட மறந்தாள்.

இருபது நிமிஷத்தில் மறுபடி 'டிக்'.

மறுநாள் காலையில் ஃபில்டர் வேலை செய்யவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தது. மேற்கு ஜன்னல் வெயிலில் சூடேறினால்தான் அது வேலை செய்கிறது என்று முடிவுகட்டி, அடுத்த நாள் மத்தியானம் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினார். 'டிக்' நிற்கவில்லை, தோசைக்கல்தான் போயிற்று. அப்படியானால் குளிர்ச்சிதான் வேண்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்து வயரை வெளியே இழுத்தார். கதவு மூடாமல் இரண்டு நாள் மாவும் புளித்துப் பொங்கி வழிந்தது. ஆனால் பாதி வெந்து, மாவில் நனைந்த அதே ஃபில்டர் ஆறு மணியானால் மட்டும் பிசகாமல் வேலை செய்தது.

சாயங்காலக் காற்றின் ஈரப்பதம்தான் காரணம் என்று நாலு பக்கம் எழுதித் தேனி ரேடியோ கிளப்புக்கு அனுப்பினார். யார் எதைச் செய்தாலும் குறை கண்டுபிடிக்கிற அதன் தலைவர் வைகுண்டராஜ், சனிக்கிழமை நாலு பேரோடு நேரில் வருவதாகப் பதில் போட்டார்.

வந்தார்கள். ஐந்து ஐம்பதுக்கு 'டிக்'. ஐந்து ஐம்பத்தைந்துக்கும் 'டிக்'. வைகுண்டராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுந்தர்ராஜைப் பார்த்தார். பதற்றத்தில் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஃபில்டரின் திருகாணியைத் திருகினார் சுந்தர்ராஜ். அது உடைந்து கையோடு வந்துவிட்டது.

அந்த நொடியில் 'டிக்' நின்றது.

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை முழுசாகத் திறந்து, மைக்கில் தன் அழைப்பை மூன்று தரம் சொன்னார். காற்றின் ஊளைக்கு நடுவே ஒரு ஆண்குரல் பதில் சொன்னது. அண்டார்ட்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பேசுவதாகவும், சூரியனைப் பார்த்து நாற்பது நாள் ஆகிவிட்டதாகவும் அந்த மனிதர் ஆங்கிலத்தில் சொன்னார். உங்கள் ஊரில் இப்போது வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

சுந்தர்ராஜ் ஜன்னலைப் பார்த்தார். வாழை இலைகள் பொன்னாக இருந்தன, மலை நீலமாக. பார்த்ததை அப்படியே சொன்னார். இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டது குரல். அதற்குள் அங்கே வேறு ஆட்களும் வந்து கூடியிருந்தார்களாம்.

அரை மணி நேரம் பேசினார்கள். 'டிக்' வரவே இல்லை. ஜெபராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பது வருசமா இந்த லைன்ல இருக்கேன் சார். இப்படி ஒரு ஃபில்டரப் பாத்ததே இல்ல. இதுக்குச் சுருளிப்பட்டி ஃபில்டர்னு பேர் வச்சு எல்லா கிளப்புக்கும் அனுப்பப் போறோம்," என்றார்.

அப்போது சுருளியாண்டியின் மனைவி மூக்கம்மாள் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, ரேடியோவக் கொஞ்சம் மெதுவா வைங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "தெனமும் ஆறு மணிக்கு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம வேலிக் கரண்ட நிறுத்தி, ஒரு தாய் யானையையும் குட்டியையும் தொட்டித் தண்ணிக்கு விடுவேன்; இன்னிக்கு ரெண்டும் குடிச்ச பெறகும் போகாம அங்கனயே நின்னு இதக் கேட்டுக்கிட்டு இருக்குதுக, வேலியப் போட முடியல."