தூள் சிவந்தது, தண்ணீர் தேறியது

மனித குலத்தைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசியில் எங்கள் 'குடிநீர்த் தூய்மை உறுதிக் குழு'விடம்தான் வந்து சேர்ந்தது. கிளியனூர் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். புகார் வந்த தெருவுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். குழுவின் கண்ணியம் கருதி ஜீப்பில் போனோம். முன்னால் தலைவர் சீனுவாசன் ஐயா. பின்னால் பதிவேட்டோடு நான்.

கூடவே மேலிடம் அனுப்பிய, இரு முனையும் திறந்த நாற்பது கண்ணாடி டியூப். உள்ளே வெள்ளைத் தூள். ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பொந்து. தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள பூச்சிமருந்து பொந்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், தூள் சிவக்கும்.

புகார் கொடுத்தவர் லூர்துமேரி, கரும்பு வெட்டும் கூலி. ஐந்து வயது மகள் அஸ்வினி வாந்தியெடுத்து, ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். தெருக்குழாய்த் தண்ணீரை ஐயா தம் கையாலேயே டியூபில் ஊற்றினார். தூள் குங்குமமாய்ச் சிவந்தது. அடியில் தெளிவாக வடிந்தது தண்ணீர்.

"சார், செவந்துகிச்சு சார்!"

"தூள்தாம்மா செவந்திருக்கு. தண்ணி செவந்துச்சா?"

"இல்லீங்க..."

"நாங்க தூள டெஸ்ட் பண்ண வரல. தண்ணிய டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்."

என்ன தெளிவு! வடிந்த தண்ணீரையே ஐயா இரண்டாவது டியூபில் ஊற்றினார். தூள் வெள்ளையாகவே இருந்தது. 'தண்ணீர் தூயது, முதல் தூள் பழுது' என்று எழுதிக்கொண்டேன். அதையும் தாண்டி வடிந்ததை ஐயா மடமடவென்று குடித்துக் காட்ட, படமெடுத்தோம்.

லூர்துமேரி விடவில்லை. "நீங்க தூள்ல வடிச்சிக்கினு குடிக்கிறீங்க. எம்பொண்ணு கொழாய்ல அப்டியே குடிக்குது. அந்தத் தூளயாவது ரெண்டு குடுத்துட்டுப் போங்க சார்."

"பழுதான சாமான பப்ளிக்குக்குக் குடுக்கச் சொல்றியாம்மா? பேஜாராப் பூடும்!"

எங்கள் அறிக்கை விழுப்புரம் கூட்டத்தில் கைதட்டலோடு ஏற்கப்பட்டது. அதே வாரம் அஸ்வினி மூன்றாம் தடவையாகத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். 'காரணம் தண்ணீர் அல்ல' என்று சான்றிதழ் கொடுத்தனுப்பினோம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐயாவுக்கு இறங்கியது.

மீதி முப்பத்தெட்டு டியூப் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மக்கள் சொத்தை வீணாக்கலாமா? தெருக்குழாய்க்கு வரும் அதே போர்வெல் தண்ணீர்தான் ஆபீசுக்கும். எனவே ஆபீஸ் குடிநீர்க் குழாயில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, சிவக்கச் சிவக்க மாற்றினோம். தீர்ந்ததும், 'பொதுநலன் கருதி' இன்னும் நானூறு கேட்டு எழுதினோம். அவசரம் என்று அடிக்கோடு போட்டது நான்தான். எனக்கும் ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குத் தினமும் ஆபீஸ் தண்ணீரைத்தான் கேனில் பிடித்துக்கொண்டு போகிறேன்.