கடிகாரம் கட்டாத கை

இந்த வருஷமாவது நம் வீட்டில் நாம்தான் ராஜா என்று தீர்மானம் செய்தேன். மனசுக்குள்தான். மனைவி கண்மணி பக்கத்தில் இருந்தாள். சம்பள நாளன்று அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு என் அதிகாரம் முடிகிறது. படித்துப் பார்த்தால் "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்பாள். அதனால் படிப்பதில்லை.

விஷயம் இதுதான். நான் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கணக்கில் புலி. அந்தப் புலி வருமான வரிப் பாரத்தில் தனக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதை எழுத மறந்துவிட்டது. கூடுதலாகக் கட்டிய நூற்றுப் பத்து வெள்ளி திரும்பி வரும் என்றார்கள். உடனே என் இடது கை ஒரு கைக்கடிகாரத்துக்கு ஏங்க ஆரம்பித்தது. செக் வீட்டுக்கு வந்தால் கண்மணி விடுவாளா? சிராங்கூன் ரோட்டில் யாக்கூப் பாயின் சாப்பாட்டுக் கடை விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் அங்கே தினமும் தே தண்ணி குடித்தேன். செக் வரவில்லை. வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது.

"ஏது காசு?"

"சீட்டு விழுந்துச்சுங்க."

"கெட்டிக்காரி லா நீ," என்று அதை மாடிக்குத் தூக்கியவனும் நானே. ரெண்டு நாள் இடுப்பு வலி.

நேற்று அரை நாள் லீவு போட்டு வரி ஆபீசுக்குப் போனேன். அங்கே குலசிங்கம் என்பவர் என் பைலைப் புரட்டினார்.

"செக் ரெண்டு மாசத்துக்கு முந்தியே அனுப்பியாச்சு. வீட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

கடிதத்தைக் காட்டினார். எழுத்து என் மூத்த மகளுடையது. கையெழுத்து சத்தியமாக என்னுடையது. செக்கின் முதுகிலும் படிக்காமலே போட்டுக் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, "யாரு சொன்னா?" என்றேன்.

"யாக்கூப் பாய் சம்சாரம் சம்சுன்னிசா அக்காதான். வரி ஆபீஸ்லேருந்து உங்க பேருக்கு அவங்க கடைக்கு ஒரு கடுதாசி வந்துச்சாமே."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"சரி, தீபாவளிக்குச் சட்டை தைக்கிறேன். இடது கையை நீட்டுங்க."

கடிகாரத்துக்கென்று வைத்திருந்த மணிக்கட்டில் அளவு நாடாவைச் சுற்றினாள். அளவைக் குறித்துக்கொண்டவள் என் மூத்த மகள். பாரத்தில் நான் எழுத மறந்த பிள்ளைகளில் முதலாவது.