வானம் பார்த்த அறை

மாமனாருக்கென்று ஓர் அறை கட்டுவதென வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதாவது, மனைவி சொன்னாள், கணவர் வழிமொழிந்தார்.

"கட்டறதுக்கு நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?" என்று எதிர்வீட்டுக்காரரிடம் விசாரித்தார் கணவர்.

"ஒருத்தர் இருக்கார். தங்கமான மனுஷன்" என்றார் அவர், தன் செருப்பைப் பார்த்தபடி.

தங்கமான மனுஷன் அறையை மதிலோடு மதிலாக ஒட்டிக் கட்டினார். மாமனார் பெட்டியோடு குடியேறிய அன்றே நகரமைப்பு அலுவலரும் வந்து சேர்ந்தார்.

"மதிலை ஒட்டி அஞ்சடி திறந்தவெளி விடணும். எங்க விட்டீங்க?"

கணவர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் வானத்தைப் பார்த்தார். யோசனை அங்கேதான் இருந்தது.

"சார், திறந்தவெளின்னா என்னன்னு போட்டிருக்கு?"

அலுவலர் விதியைப் படித்தார். திறந்தவெளி என்பது மேலே வானம் தவிர வேறெதுவும் இல்லாத இடம். சுவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே கூரை மட்டும் அகற்றப்பட்டது. விதி காப்பாற்றப்பட்டது. மாமனார் நனைந்தார்.

"மாப்பிள்ளை, பஸ் ஸ்டாண்டுல படுத்தாக்கூட மேல கூரை இருக்கும்" என்றார் குடைக்குள்ளிருந்து.

மனைவி சுருக்கமாகச் சொன்னாள்: "மழைக்காலத்துக்குள்ள அப்பாவுக்குக் கூரை வரணும். இல்லேன்னா நம்ம ரூம் அவருக்கு. அந்தக் குடை உங்களுக்கு."

கணவர் நகரமைப்பு அலுவலகத்துக்கு ஓடினார்.

"காண்ட்ராக்டர் மேல புகார் கொடுக்கணும் சார்."

"தாராளமா. ஆனா ஒரு வீட்டுல நடந்தா அது கவனக்குறைவு. ஒரே தெருவுல மூணு வீட்டுல நடந்தாத்தான் முறைகேடு. முறைகேடுன்னாத்தான் நஷ்டஈடு."

"இன்னும் ரெண்டு வீட்டுக்கு நான் எங்க சார் போவேன்?"

"ஒண்ணு போதும். உங்க தெருவுலேருந்து ஏற்கெனவே ஒருத்தர் கொடுத்திருக்கார்."

"யாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது, ரகசியம். உங்களுக்கு நேர் எதிர்வீடு."

கணவருக்குச் சட்டென்று அந்தச் செருப்பு நினைவுக்கு வந்தது.

"மூணாவது வீட்டைக் காண்ட்ராக்டர் விதிப்படி கட்டிட்டா?"

"சே, அப்படியெல்லாம் நடக்காது. நம்பிக்கையோட இருங்க."

வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து, அறைக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மாமனாரை ரசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காத்து, என்ன வெளிச்சம்! இப்ப இதுதான் ஃபேஷன் போல. எங்க வீட்டுலயும் ஒண்ணு கட்டணும்னு மச்சான் உயிரை எடுக்கறான். யாருங்க கட்டினது? ஆள் எப்படி?"

தூறல் ஆரம்பித்தது. கணவர் மாமனாரைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"தங்கமான மனுஷன்" என்றார்.