வெள்ளிப் பல் பையனுக்கு முயல் வைத்த முட்டைகள்

கார்வர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை

'கார்வர் ஃபால்ஸ் வார மணி' ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்பு மாரிட் ஹால்வர்சன் மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், தம்பி நில்ஸ் எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை ஒரு சொல்கூட வெட்டாமல், முடிந்தால் முதல் பக்கத்திலேயே, அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் இது ஒரு வாக்குமூலம்.

தங்கள் இதழில் வந்த 'மிட்டாய் இல்லாத ஈஸ்டர் கூடை: சின்னக் குழந்தைகளுக்குச் சில யோசனைகள்' கட்டுரையை நான்கு முறை வாசித்தேன். ஐந்தாவது முறை வாசிப்பதற்குள் அப்பா அதன்மேல் சேற்றுப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார். எங்களுக்கு அந்தக் கட்டுரை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நில்ஸுக்கு நான்கு வயது, பிப்ரவரியில் அவனுடைய கடைவாய்ப் பற்களில் நான்குக்குப் பல் டாக்டர் வெள்ளி உறை போட்டுவிட்டார். ஈஸ்டர் முயல் ராத்திரியில் வைத்துவிட்டுப் போகும் கூடையில் இந்த வருடம் மிட்டாயே கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டார். காரில் திரும்பி வரும்போது நில்ஸ் நாக்கால் அந்த உறைகளைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு என் காதருகே வந்து, "முயலுக்கு என்மேல கோவமா அக்கா?" என்றான்.

"ஏன்டா கண்ணு?"

"அது மிட்டாய் கொண்டு வரத்தானே வரும். எனக்குத்தான் மிட்டாய் கிடையாதே. அப்ப எதுக்கு வரும்?"

முயல் கட்டாயம் வரும் என்று நான் சத்தியம் செய்துவிட்டேன். சத்தியம் செய்த பிறகுதான் தங்கள் கட்டுரை கண்ணில் பட்டது.

கூடைக்குப் பதில் மணல் வாளி வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள், வைத்தேன். அதில் பிளாஸ்டிக் புல்லுக்குப் பதில் கோதுமை விதைத்து நிஜப் புல் வளர்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள், வளர்த்தேன். ஆனால் எத்தனை நாள் முன்னால் விதைக்க வேண்டும் என்று எழுதவில்லை. மூன்று வாரத்தில் அது என் முழங்கை உயரம் வளர்ந்து, உள்ளே பரிசாகப் போட்ட முயல் படக் காலுறையையும் பூதக்கண்ணாடியையும் விழுங்கிவிட்டது, அம்மாவின் கத்தரிக்கோலால் அறுவடை செய்ய வேண்டியதாயிற்று. உலர்திராட்சை என்று ஒரு யோசனை. அதைப் படித்ததும் அம்மா, "திராட்சையா? அது மிட்டாயவிட மோசமா பல்லுல ஒட்டும். இத எழுதினவங்களுக்குப் பல்லு இருக்கா இல்லையா?" என்றார். மன்னிக்கவும், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கட்டுரையிலேயே சிறந்தது பிளாஸ்டிக் முட்டை யோசனைதான். பன்னிரண்டு முட்டைகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் ஓர் அவரை விதையோ சின்ன டைனோசரோ வைத்து, கூடவே ஒரு சீட்டும் வைத்தேன். நில்ஸுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் சீட்டில் படமாகவே வரைந்தேன்: என் முதுகில் யானைச் சவாரி, ஒரே கதையை மூன்று தடவை படித்துக் காட்டுவது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பான்கேக். எல்லாப் படத்திலும் நில்ஸ் வாயை ஆவென்று திறந்திருப்பான், உள்ளே நான்கு வெள்ளிப் பற்கள் மின்னும். அதற்கென்று வெள்ளிப் பேனா வாங்கினேன்.

எங்கள் சர்ச்சில், ஒளித்துவைத்த முட்டைகளைக் குழந்தைகள் தேடிப் பொறுக்கும் சனிக்கிழமை முட்டை வேட்டைக்கு, வீட்டுக்கு ஒரு டஜன் மிட்டாய் முட்டை கொடுக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அம்மா நிரப்பிய டஜன் பின்கதவருகே ஒரு பையில் இருந்தது. என் டஜனும் பின்கதவருகே ஒரு பையில் இருந்தது. பால் லாரி ஓட்டும் அப்பா விடியற்காலையில் போகிற வழியில் ஒரு பையைச் சர்ச்சில் கொடுத்துவிட்டுப் போனார். எந்தப் பை என்று தாங்களே யூகித்திருப்பீர்கள்.

நான் யூகிக்கவில்லை ஐயா. முட்டை வேட்டையின் நடுவில் ஒரு சின்னப் பெண், "என் முட்டையில வெறும் கொட்டைதான் இருக்கு!" என்று அழ ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. திருமதி ஈபல் அந்த அவரை விதையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, "இருபத்தஞ்சு வருஷமா நான் இத நடத்துறேன். முட்டைக்குள்ள அவரை வெச்ச புண்ணியவான இப்பத்தான் பாக்குறேன். யாருங்க அது?" என்றார். நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்த முட்டைகளையும் முயல்தான் வைக்கிறது என்று நம்பும் நில்ஸ் பக்கத்தில் நிற்கிறான். நான் கையைத் தூக்கினால் முயலே இல்லை என்று ஆகிவிடும். அதனால் பனி உருகிய சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கோல்பி ரைனர்ட் என்கிற இரண்டாம் வகுப்புப் பையன் ஒரு சீட்டை விரித்து, "யாரு இது, வாய்க்குள்ள ஸ்பூன் வெச்சிருக்கான்?" என்று சிரித்தான். நில்ஸ் எட்டிப் பார்த்தான்.

"ஸ்பூன் இல்ல. அது நான்."

"போடா!"

நில்ஸ் வாயைத் திறந்து காட்டினான். கோல்பி உள்ளே பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடியும் உள்ளே பார்த்தான். "அட, ஆமா!" என்றான்.

அதற்குப் பிறகு என் தம்பி அந்தப் புல்வெளி முழுக்க வாயைத் திறந்துகொண்டே ஓடினான். ஒவ்வொரு குழந்தை முன்னாலும் நின்று, "பாரு, இது நான்! முயல் எனக்கு வெச்சது!" என்று பல்லைக் காட்டினான். தான் பொறுக்கிய மூன்று மிட்டாய் முட்டைகளைத் திறக்காமலே சீட்டு முட்டைகளுக்கு மாற்றாகக் கொடுத்தான். அது தீர்ந்ததும் மற்றவர்கள் அந்தப் பல்லைப் பார்த்தே கொடுத்துவிட்டார்கள். திருமதி ஈபல்கூடக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, அந்த அவரை விதையை அவன் கையில் வைத்தார். பதினொரு முட்டைகள் திரும்பி வந்தன. பான்கேக் சீட்டை மட்டும் கோல்பி தரமாட்டேன் என்றுவிட்டான். அன்று சாயங்காலம் எங்கள் வாசல் மணி அடித்து, சீட்டை நீட்டி, "எனக்கு மூணு போதும்" என்றான்.

வீட்டுக்கு நடக்கும்போது நில்ஸ் என் முதுகில் இருந்தான், ஒரு சீட்டைச் செலவழித்துவிட்டான். "அக்கா, முயலுக்கு என் பல்லு தெரிஞ்சிருக்கு," என்றான். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சும் வந்திருக்கு" என்றான்.

எனக்கு முன்னால் வழி சரியாகத் தெரியவில்லை. குளிர்காற்றாக இருக்கலாம்.

ஆகவே ஊரார் அனைவரும் அறிய: அவரை வைத்தது நான்தான். சிறப்பாகத் திருமதி ஈபல் அவர்களிடமும், அழுத அந்தச் சின்னப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த வருடக் கட்டுரையில் 'பையின்மேல் பெயர் எழுதவும்' என்று ஒரு வரி சேர்த்தால் நாட்டுக்கு நன்மை.

தங்களுக்கும் அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும் நல்ல பற்கள் அமைய வேண்டும் என்று வாழ்த்தும்,
மாரிட் ஹால்வர்சன்

பின்குறிப்பு: அவசரம். அம்மா ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலைச் சாப்பாட்டின்போது தங்கள் பத்திரிகையை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நில்ஸ் ஒரு வரி விடாமல் கேட்பான். ஆகவே மேலே உள்ளதில் ஒரு சொல்லைக்கூட அச்சிட வேண்டாம். ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் இதை மட்டும் போடவும்: சர்ச்சில் அவரை வைத்தது முயல்தான். எனக்கு எதுவும் தெரியாது.