உல்ரிகாவின் முதுகுக்கு ஒரு க்ரீம்

எஸ்கிலின் இல்லறத்துக்கு எமன் ஒரு பிளாஸ்டிக் கம்பாக வந்தான். இரண்டு முழ நீளம். நுனியில் வட்டமாக ஒரு பஞ்சு. பஞ்சில் க்ரீமைத் தடவிக் கம்பைத் தோளுக்கு மேல் கொண்டுபோனால், எவர் தயவும் இல்லாமல் அவரவர் முதுகை அவரவரே தேய்த்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை அவன் பெண்டாட்டி உல்ரிகா அதை மருந்துக் கடையில் வாங்கி வந்து குளியலறை ஆணியில் மாட்டினாள்.

"இனிமே உனக்குச் சிரமம் இல்ல," என்றாள்.

"எனக்கு என்ன சிரமம்?" என்றான் எஸ்கில்.

"அதான் இல்லன்னு சொல்றேன்ல."

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். உல்ரிகா கடல் குளியல் சங்கத்து ஆள். ஸ்வீடனின் தென்கோடியில், பனி கொட்டினாலும் படிக்கட்டில் ஐஸ் பிடித்தாலும், காலையில் கடலில் ஒரு முழுக்குப் போடாமல் அவளுக்குக் காபி இறங்காது. உப்பும் குளிரும் சேர்ந்து முதுகுத் தோல் அப்பளமாகக் காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சமையலறை முக்காலியில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். எஸ்கில் க்ரீம் தேய்ப்பான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் பேசுவாள். முகத்துக்கு நேரே வராத பேச்செல்லாம் முதுகு வழியாக வரும். கனவு, பயம், அக்காவோடு மனஸ்தாபம், எல்லாம். தன் பெண்டாட்டியைப் பற்றி எஸ்கிலுக்குத் தெரிந்தவை அத்தனையும் அந்த முக்காலியில் கேட்டவைதான்.

கம்பு வந்தது. முக்காலி மேல் ஒரு பூந்தொட்டி ஏறியது. வீட்டில் பேச்சு, பால் தீர்ந்துவிட்டது, குப்பை போட்டாயா என்ற அளவில் நின்றுபோனது. எஸ்கில் அவள் குரலுக்கு ஏங்கிப்போனான். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒருத்தியைத் தேடுவது எப்பேர்ப்பட்ட சங்கடம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். மானம் இடம் கொடுக்கவில்லை.

கம்பு ஏன் வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்கிலுக்கு க்ரீம் கம்பெனியில் வேலை. புதுச் சரக்கு எது செய்தாலும் முதல் சோதனை உல்ரிகா முதுகில்தான். நடுவே கோடு போட்டதுபோல இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கம்பு வருவதற்கு முந்தின வாரம் உல்ரிகா முக்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் ஏரிக்கரை வீட்டை விற்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை என்றாள். எஸ்கில் கேட்டான்: "எந்தப் பக்கம் பிசுபிசுப்பு ஜாஸ்தி? பத்துக்கு எத்தனை மார்க்?" அவள் எழுந்து போய்விட்டாள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட நமக்கு ஒரு நொடி போதும். அவனுக்கு அந்த முடிச்சு தெரியவே இல்லை.

ஆனால் தொழிலில் எஸ்கில் புலி. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ஊரே பழமொழி சொல்லும்போது, ஒட்டவைத்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன். இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டு பேர் கையையும் பிடித்துவைக்க ஒரு பொருள் வேண்டும். பாடப்புத்தகத்தில் அதற்குப் பால்மமாக்கி என்று பெயர். கல்யாணத் தரகர் என்றால் எல்லாருக்கும் புரியும். செடி கொடியிலிருந்து வந்த தரகர்தான் வேண்டும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. ஆலிவ் எண்ணெயிலிருந்து வரும் தரகர் நல்ல மனுஷர்தான், ஒரே ஒரு கெட்ட பழக்கம். க்ரீமைத் தோலில் தேய்த்தால் சோப்பு நுரைபோல வெள்ளை வெள்ளையாக நிற்கும், லேசில் உள்ளே இறங்காது. வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த வெள்ளையை ஒழித்துக்கட்டுவதிலேயே எஸ்கிலுக்குப் பாதித் தலை நரைத்தது.

இப்போது அந்த வெள்ளையையே வேண்டுமென்று வரவழைத்தான். மெழுகைக் கூட்டினான். ஆலிவ் தரகரைத் தாராளமாகச் சேர்த்தான். வழுக்கிக்கொண்டு இறங்க உதவும் மெல்லிய எண்ணெயை அடியோடு எடுத்துவிட்டான். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவன்போலக் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றிக் கலக்கி ஆறவைத்தான். வந்து சேர்ந்தது ஒரு முரட்டுக் க்ரீம். கம்புக்கு அது அசைந்து கொடுக்காது. சூடான உள்ளங்கை பொறுமையாகத் தேய்த்தால்தான் மறையும். உல்ரிகா உடுத்துவதெல்லாம் கறுப்பு ஸ்வெட்டர். வெள்ளை முதுகோடு எங்கே போவாள்? முக்காலிக்குத்தான் வரவேண்டும்.

மறுநாள் எஸ்கில் அதைக் குளியலறை டப்பாவில் நிரப்பி, பூந்தொட்டியை இறக்கிவைத்துவிட்டு, காபிக் கெண்டியைக் கட்டிப்பிடித்து உள்ளங்கைகளைச் சூடேற்றிக்கொண்டு காத்திருந்தான். உல்ரிகா துண்டைப் போர்த்திக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"என்ன க்ரீம் இது? முதுகுக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"இயற்கைச் சரக்கு அப்படித்தான். கம்புக்கெல்லாம் மசியாது. கை வேணும். பத்து நிமிஷம் தேய்க்கணும்."

"பத்து நிமிஷமா?"

"குறைஞ்சது."

உல்ரிகா முக்காலியைப் பார்த்தாள். கீழே இறங்கியிருந்த தொட்டியைப் பார்த்தாள். கெண்டியைக் கட்டிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள். "அப்ப சரி," என்று டப்பாவை மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெள்ளையைத் துண்டால் துடைத்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பூந்தொட்டி மறுபடி முக்காலியில் ஏறியது.

டப்பா நேரே கடல் குளியல் சங்கத்தின் குளியல் மாளிகைக்குப் போனது. அங்கே உடை மாற்றும் அறையில் பெண்கள் நீள பெஞ்சில் ரயில்பெட்டிபோல ஒருத்தி பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார்களாம். பழைய க்ரீம் என்றால் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிடும், இதில் ஒரு குடும்பக் கதையே சொல்லி முடிக்கலாம் என்று ஷெஷ்டின் என்பவள் புகழ்ந்தாளாம். எஸ்கிலுக்கு வயிறு எரிந்தது. வீம்புக்குப் பதினைந்து நிமிடமானாலும் மறையாத ஒன்றைக் காய்ச்சினான். பெண்கள் கையோடு காபி பிளாஸ்க்கும் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

"அந்த வெள்ளையை மட்டும் எடுத்துடாதேன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க," என்றாள் உல்ரிகா.

எஸ்கில் செய்த க்ரீமை அதுவரை ஒருவரும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. முதல் பாராட்டு அதன் குறைக்கு வந்தது. அதுகூடப் பரவாயில்லை. தனக்கு வரவேண்டிய பேச்செல்லாம் ஷெஷ்டின் காதில் விழுகிறதே என்பதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. ஏரிக்கரை வீடு என்ன ஆயிற்று என்றுகூட அவனுக்குத் தெரியாது.

அவன் முகத்தைப் பார்த்து உல்ரிகா சொன்னாள். "நீயும் வாயேன். கடல்ல இறங்கினா உன் முதுகும்தான் காயும்."

வருஷாவருஷம் கூப்பிடுகிறாள். குளிர்பெட்டியைத் திறந்தாலே தும்முகிற எஸ்கில் வருஷாவருஷம் மறுக்கிறான். ஆனால் அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ளும் அறை ஒன்று உண்டென்று கேள்விப்பட்டிருந்தான். அவள் முதுகு, இவன் கை. கணக்கு சரியாக வந்தது.

"நாளைக்கே வர்றேன்."

"நாளைக்கா? யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நாளைக்கே."

கடலுக்குள் நீண்ட மரப்பாலத்தின் முனையில் வழி இரண்டாகப் பிரிந்தது. உல்ரிகா வலது பக்கம் திரும்பினாள். எஸ்கிலும் திரும்பினான். அவள் அவன் மார்பில் ஒரு விரலை வைத்து நிறுத்தினாள்.

"ஆம்பளைங்க இடது பக்கம். சேர்ந்து குளிக்கிறதெல்லாம் ஞாயித்துக்கிழமை. நீதானே நாளைக்கேன்னு நின்னே?" டப்பாவை அவன் கையில் வைத்தாள். "உள்ள பெங்க்ட் இருப்பார். பொண்டாட்டி போய்ச் சேர்ந்ததிலேர்ந்து அந்த முதுகுக்கு ஆள் இல்ல."

திரும்பிப் போயிருக்கலாம். பாலத்தில் பாதி ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்கில் இடது பக்கம் போய்க் கடலில் இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது செய்த பாவமெல்லாம் நினைவுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தபோது செய்யாத பாவத்துக்கும் மன்னிப்புக் கேட்டான். இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மரச்சுவர் கொஞ்ச தூரத்தோடு முடிந்துவிடும், அதற்கப்பால் கடல் பொது. அங்கே ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி மிதந்து வந்தது. தொப்பிக்குக் கீழே உல்ரிகா.

"கம்பெனி பூரா வெள்ளையை ஒழிச்சவன் என் டப்பாவுல மட்டும் கோட்டை விட்டுட்டான்னு நான் நம்பணுமா, கிழவா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உனக்கு வேணும்னா எதுக்கு இத்தனை சமையல்? வாய் இருக்குல்ல? கேளு."

எஸ்கிலுக்குக் கேட்கத்தான் ஆசை. குளிரில் தாடை பூட்டிக்கொண்டது. "உ... உ... உ..." என்றான். பற்கள்தான் பேசின. உல்ரிகா உண்மையாகவே காத்திருந்தாள். பிறகு, "சரி, இப்ப வராது போல," என்று சுவருக்கு அந்தப் பக்கம் நீந்திப் போய்விட்டாள்.

உடை மாற்றும் அறையில் பெங்க்ட் காத்திருந்தார். பக்கத்துத் தெருக்காரர், முன்னாள் துறைமுகத் தொழிலாளி. முதுகு ஆலைக்கதவு அகலம். எஸ்கில் டப்பாவைத் திறந்து அள்ளி அப்பினான். முதுகு வெளுத்தது. தேய்க்கத் தேய்க்க, தானாகவே கிழவர் வாய் திறந்தது.

"என் பொண்டாட்டி ஓயாம பேசுவா. எப்படா முடியும்னு இருக்கும் எனக்கு," என்றார். "முடிஞ்சிடுச்சு."

எஸ்கிலின் கை நின்றது. மார்க் கேட்டதும் உல்ரிகா எழுந்து போனது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பலகைச் சுவருக்கு அப்பால் பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது, அதில் உல்ரிகாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவளுக்குள் இருப்பதெல்லாம் தனக்கு வேண்டும் என்று இருந்தது. அப்போது பார்த்துத் தாடைப் பூட்டு திறந்துகொண்டது.

"உல்ரிகா!" சுவரைப் பார்த்துக் கத்தினான். "நீ பேசறதைக் கேக்காம என்னால இருக்க முடியல. அந்த ஏரிக்கரை வீட்டைப் பத்தி முழுசாச் சொல்லு. மார்க் கேக்க மாட்டேன். வந்து முக்காலியில உக்காரு."

அந்தப் பக்கம் சிரிப்பு அறுந்தது.

"கேட்டுச்சு, கிழவா," என்றது உல்ரிகாவின் குரல். அது கொஞ்சம் கரகரத்திருந்தது. "தொட்டியை இறக்கி வைக்கிறேன். பெங்க்ட் முதுகுல வெள்ளை போனதும் வந்து சேரு."

எஸ்கில் டப்பாவைப் பார்த்தான். வீம்புக்குக் காய்ச்சிய பதினைந்து நிமிடச் சரக்கு. அவசர அவசரமாகத் தேய்த்தான். அவசரப்பட்டால் வெள்ளை இன்னும் பொங்கும்படி செய்திருந்தவனும் அவன்தான்.

"மெதுவா தேய்ப்பா," என்றார் பெங்க்ட். "எனக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்ல."